நீளமான சீற்

"அண்ணை, கரவெட்டி போய்ச் சேருமட்டும் நிக்காமல் ஓடக்கூடியது எது?"

ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக்கு நின்ற மூன்று மோட்டார் சைக்கிள்களையும் தோட்டக் கூலிக்காரன் மார்க்கண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெற்றோல் எங்கை கிடைக்குது, எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடுது, தம்பி. ஆனா உந்தச் சிவப்பு வழியிலை காலை வாராது," என்றார் ஓட்டுநர் நேசையா.

மார்க்கண்டு பின்சீற்றில் ஏறி இருந்து அசைந்து பார்த்தான்.

"நடுவிலை மனிசி, பின்னாலை நான். குலுக்கக் கூடாது."

"மெத்தை மாதிரிச் சீற். மனிசிக்கு ஒப்பரேசனோ?"

"ஓம், நேற்று."

"இண்டைக்கே வீட்டை போகத் துண்டு வெட்டிட்டினமோ? அதிர்ஷ்டக்காரனப்பா நீ!"

அழுதுகொண்டு வருகிறவர்களையே பார்த்துச் சலித்த வாசல் அது. ஒருவனாவது மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறானே என்று நேசையாவுக்கு மனம் குளிர்ந்தது.

"மோட்டார் சைக்கிளிலை போகோணுமெண்டு அவளுக்குச் சரியான ஆசை, அண்ணை. ஒருநாளும் ஏறினதில்லை."

"அப்ப பயப்பிடுவா. என்னை இறுக்கிப் பிடிக்கச் சொல்லு."

மார்க்கண்டு பையிலிருந்து ஒரு பழைய சீலையை எடுத்து நீளமாக முறுக்கினான்.

"அவள் பிடிக்கமாட்டாள், அண்ணை. உங்களோடை சேர்த்து நான் கட்டிவிடுறன். வான்காரர் டீசல் இல்லையெண்டிட்டினம். பொழுதுபட முன்னம் சுடலைக்குக் கொண்டு போகோணும்."