போன ஞாயிறு வந்தவள்

"ஏம்மா, போன ஞாயித்துக்கிழமைதான வாங்கிட்டுப் போன, அதுக்குள்ள தீந்துபோச்சா?"

கொரியாவின் தோங்யோங் ஊர்ச் சந்தையில், மீன் துள்ளும் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து மீன்காரம்மா பிர்கிட்டேயைப் பார்த்துச் சிரித்தாள். பிர்கிட்டேயும் பதிலுக்குச் சிரித்து வைத்தாள். கொரிய மொழியில் வணக்கத்தையும் நன்றியையும் தாண்டி அவளுக்கு எதுவும் தெரியாது.

பக்கத்தில் நின்ற அவள் கணவன் ராஸ்முஸுக்கு எல்லாம் புரிந்தது. பூசான் பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்து, டென்மார்க்கிலிருந்து இருவரும் வந்து இரண்டு வருடம் ஆகிறது. தளத்து ஆட்களோடு பேசிப் பேசியே மொழியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போனாலும், கொரிய முகம் என்பதால் எல்லோரும் அவளிடம்தான் பேச்சுக் கொடுப்பார்கள். கைக்குழந்தையாகத் தத்துப் போய் டென்மார்க்கில் வளர்ந்தவள் என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

"என்ன சொல்றாங்க?" என்றாள்.

"நண்டு இன்னிக்கு நல்லா இருக்காம்."

அவளிடம் அவன் மாற்றிச் சொன்னது அதுதான் முதல் முறை.

போன ஞாயிறு அவன் வீட்டில் இல்லை. புதுக் கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான். வீட்டைவிட்டு நகரவே இல்லை, நாள் முழுக்கத் தூங்கினேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

எங்கே போவது என்பதை எப்போதும் அவனிடமே விடுகிறவள், இந்த வாரம் கேட்டதுமே தோங்யோங் என்றாள். ஏன் என்றதற்கு, "சும்மாதான்" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை இறங்கும்வரை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

மீன்காரம்மா ஆள் மாறிப் பேசியிருப்பாள் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு, துறைமுகத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தான். கடற்பாசியில் சுருட்டிய சோறும் காரக் கணவாயும் வந்தன.

"போன தடவை முள்ளங்கிய அப்படியே ஒதுக்கி வச்சியே. அதான் அதை வைக்காமக் கணவாயக் கூடுதலாப் போட்டிருக்கேன்," என்றாள் கடைக்காரம்மா. "வாய் ஓயாமப் பேசிட்டிருந்தவ இன்னிக்கு என்ன ஊமையாட்டம் உக்காந்திருக்க? வீட்டுக்காரர் வரலையா?"

ராஸ்முஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிர்கிட்டே முள்ளங்கியைத் தொடமாட்டாள் என்பது அவனுக்குத்தானே தெரியும். வாய் ஓயாமல் பேசினாளாம். அப்படியானால் மொழி தெரியாது என்பதும் நடிப்பா?

"இவங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பாரு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"நல்ல உசரம், கண்ணாடி போட்டவரு. தங்கமான மனுசன். மீன்ல முள்ளக்கூட அவரே எடுத்து இவ தட்டுல வச்சாரு."

அவன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான். தங்கள் மொழிக்குத் திரும்பினான்.

"போன ஞாயித்துக்கிழமை எங்க இருந்த?"

"வீட்லதான். அன்னிக்கே சொன்னேனே."

"யாரு அந்தக் கண்ணாடிக்காரன்?"

அவள் விழித்தாள். மீன்காரம்மா சொன்னது, இந்தம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.  அந்த வெளுப்பே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"சத்தியமா நான் இங்க வந்ததே இல்ல, ராஸ்முஸ்."

"பின்ன ஏன் இந்த ஊரைச் சொன்ன?"

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் பொறந்தது இந்த ஊர்லன்னு அம்மா ஒரு தடவை சொல்லியிருக்காங்க. தனியா வரப் பயமா இருந்துச்சு. உங்கிட்டச் சொன்னா உடனே நாலு பேருகிட்ட விசாரிக்கக் கிளம்பிடுவ. சும்மா தெருவைப் பாத்துட்டுப் போனாப் போதும்னு நெனச்சேன்."

நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ ஒருவன் முள் எடுத்து வைத்த தட்டு கண் முன்னால் வந்து நின்றது.

ராஸ்முஸ் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவங்க இங்க வந்ததே இல்லைங்கறாங்க."

"நல்ல கதையா இருக்கே. மொகம் மறந்துபோற வயசா எனக்கு?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதே மொகம், இதே கன்னக்குழி. நீங்க உங்களுக்குள்ள சண்டை போட்டுக்கறதுக்கு என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் கண்கள் அவர்களைத் தாண்டி வாசல் பக்கம் போயின. திரும்பி பிர்கிட்டேயைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப... அவரோட அங்க வர்றவ யாரு?"