யாரும் தொடாத கூடை

"ஏங்க, வந்துட்டாங்க! கையில கூடை!"

ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள் நெலிதா. அவள் புருஷன் அனிசேத்தோவின் முகம் வெளிறிப் போனது.

"மூடியிருக்கா?"

"வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கு. ஓரமா ஒரு பாட்டிலும் தலை நீட்டுது."

"செத்தோம், போ!"

இருவரும் பெரு நாட்டின் அயகூச்சோ மலைக்காரர்கள். தலைநகர் லிமாவுக்குப் பிழைக்க வந்து எத்தனை வருஷமானால் என்ன, அந்தக் கூடைக்கு அர்த்தம் தெரியாமலா போகும்? ஊர்த் திருவிழாவை எடுத்து நடத்த ஆள் பிடிக்கும் முறை அது. சுட்ட கினிப்பன்றி, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு பாட்டில் கரும்புச் சாராயம். எதிரே வைத்து, "சாப்பிடுங்க" என்பார்கள். ஒரு வாய் போட்டால் தீர்ந்தது. பாண்டு வாத்தியம், வாணவேடிக்கை, ஊருக்கே விருந்து, அத்தனையும் உங்கள் செலவு. அப்புறம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதுதான் சாப்பிட்டாச்சே!

ஊரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அனிசேத்தோ வேலை பார்த்த மரச்சாமான் பட்டறையை மூடிவிட்டார்கள். அவன் வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது. ஆனால் ஊருக்குப் போன் போட்டால் மட்டும், "என்னை மேஸ்திரி ஆக்கிட்டாங்கல்ல!" மேஸ்திரி வீட்டுக்குக் கூடை வராமல் வேறு யார் வீட்டுக்கு வரும்? இப்போது அடுப்பு எரிவதே நெலிதாவின் தையல் மெஷினால். திருவிழா தலையில் விழுந்தால் அந்த மெஷினை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"ஊரே சிரிக்கும்டி. நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

"பேசவா, திங்கவா?"

"ரெண்டுக்கும்தான்!"

கதவு தட்டப்பட்டது. ஊரிலிருந்து வந்த ஹிலாரியோவும் அவர் மனைவி தொமாசாவும் மேட்டுப் படியேறி வந்த களைப்பில் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்தார்கள். அனிசேத்தோவுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். கூடை மேஜை நடுவில் போய் உட்கார்ந்தது.

"சாப்பிடுங்க தம்பி. நேத்து இவளே சுட்டது. பஸ்ஸுல மடியை விட்டு இறக்கலை."

"இப்பத்தான் அண்ணே சாப்பிட்டோம். வயிறு முட்ட."

முட்டிய வயிறு அந்த நேரம் பார்த்துக் 'கொட கொட'வென்று சத்தம் போட்டது. நெலிதா பலமாக இருமி வைத்தாள்.

"நீயாவது எடு தாயி" என்றாள் தொமாசா.

"பல்லு வலி அக்கா."

"அப்ப பாலாடைக்கட்டி எடுத்துக்க. மெத்துன்னு இருக்கு."

"வயித்து வலியும் இருக்கு."

ஹிலாரியோ பாட்டிலை எடுத்தார். "ஒரு மடக்கு?"

"டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு" என்றான் அனிசேத்தோ, ஊர்க் கல்யாணத்தில் சாராயப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியவன்.

சோம்பு டீ வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டுக்கு வந்த சீக்கைப் பற்றிப் பேசினார்கள். துணி விலகிய கூடையிலிருந்து வாசனை கிளம்பி வீட்டையே நிறைத்தது. கறி தின்று எத்தனை நாளாச்சு! நெலிதா எச்சிலை விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். விருந்தாளிகளும் கை வைக்கவில்லை. நாலு பேரும் பசியோடு ஒரு கூடையைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டைப் பற்றிப் பேசியதுதான் மிச்சம்.

கடைசியில் தொமாசாவின் கண் கலங்கிவிட்டது.

"எங்க மேல ரொம்பக் கோபமா தாயி?"

"ஐயய்யோ, கோபமா? என்னக்கா இது!"

"பின்ன ஒரு வாய்கூட வேண்டாங்கிறீங்களே."

ஹிலாரியோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எந்திரி, போலாம். பட்டணத்துக்காரங்களுக்கு இனிமே நம்ம சாப்பாடு எங்கே இறங்கப் போகுது?"

நெலிதாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று தவிக்கிற தங்களைப் பார்த்து இப்படி ஒரு சொல்லா!

"நாங்களா அண்ணே பட்டணத்துக்காரங்க? இவருக்கு வேலை போயிருச்சு! மேஸ்திரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்த வருஷம் திருவிழாவை எடுத்து நடத்த எங்களால ஆகாது. அதான் தொடலை. இல்லேன்னா இந்நேரம் கூடையையே தின்னிருப்போம்!"

சொல்லிவிட்டு அழுதே விட்டாள். அனிசேத்தோ தலை நிமிரவில்லை. அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது அவனுக்கு.

ஹிலாரியோ தொப்பியைக் கழற்றினார். மறுபடி உட்கார்ந்தார். கறியைப் பிய்த்து முதலில் நெலிதாவின் தட்டில் வைத்தார், அப்புறம் அனிசேத்தோவின் தட்டில்.

"இது வெறும் சாப்பாடு தாயி. பயப்படாம தின்னு. பட்டறையை மூடினது எனக்கு எப்பவோ தெரியும். என் மச்சான் பார்த்துட்டு வந்து சொன்னான். கேட்டா தம்பி கூசிப்போவான்னுதான் வந்ததிலேர்ந்து ஆட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன்."

"அப்ப... திருவிழா?" என்றான் அனிசேத்தோ.

"லிமா மேஸ்திரிக்குத்தான் கூடைன்னு ஊரே கிளம்பிருச்சு. நான் வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா உன் மானம் போயிரும்."

ஹிலாரியோ சங்கடத்தோடு தன் மனைவியைப் பார்த்தார்.

"அதான், ஊர்லயே எல்லார் முன்னாலயும் அந்தத் திருவிழாக் கூடையில கையை விட்டு, முதல் வாயை நானே தின்னுட்டேன்."