எருமை முட்டிய டாக்சிகள்

"அஞ்சு வண்டி. அஞ்சையும் எருமை மாடு முட்டியிருக்கு. அதுவும் எல்லாம் ஒரே உயரத்துல! புதுச்சேரி எருமைக்கு டாக்சியைக் கண்டா அவ்வளவு ஆத்திரமா?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்திருந்த ஷார்ல் கேட்டார். கையில் அஞ்சு கிளெய்ம் பாரம். எதிரில் ரயில்வே ஸ்டேஷன் டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள் அஞ்சு பேர்.

"நல்லாக் கேளுங்க முசியே!" என்று பக்கத்திலிருந்து பிரெஞ்சு மரியாதையோடு ஒரு குரல். தணிகாசலம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே அங்கே டாக்சி ஓட்டுகிறவர், ஸ்டாண்டுக்கே மூத்தவர்.

"போன வருஷம் எனக்குத் தொண்ணூறு ரூபா பிரீமியம். இந்த வருஷம் நூத்திப் பதினெட்டு! என்னாத்துக்கு ஏத்தினீங்கன்னு கேட்டா, உங்க ஊர்ல பொய் கிளெய்ம் ஜாஸ்திங்கறாங்க. இவனுங்க திங்கறதுக்கு நான் ஏன் கட்டணும்? என் வண்டியைச் சுத்திப் பாருங்க. ஒரு கீறல் உண்டா?"

ஷார்ல் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே ஒரு கீறல் இல்லை.

"டேய் பாவாடை, நீயாவது உண்மையைச் சொல்லுடா. உன் வண்டியை எது இடிச்சுது?"

பாவாடை தரையைப் பார்த்தான். "எருமைதாண்ணே."

"தூ! வெக்கமா இல்ல? அடுத்தவன் வயித்துல அடிச்சு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களாடா?"

ஐந்து பேரும் திட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார்கள். கல்லுளிமங்கன்கள்! ஷார்லுக்குக் கோபம் தலைக்கேறியது.

"சாயந்திரம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள சொல்லலேன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன். பாலிசி ரத்தாயிடும். இன்சூரன்ஸ் இல்லாம வண்டியை ரோட்டுல எறக்க முடியாது. அப்புறம் அஞ்சு வீட்டுலயும் அடுப்பு எரியாது, பார்த்துக்குங்க!"

ஒருத்தன் பாவாடையின் கையைச் சுரண்டினான். பாவாடை வேண்டாம் என்று தலையாட்டினான்.

அதற்குள் ஒரு பென்ஷன்கார அம்மாள் பையும் கையுமாக வந்தாள். "ரெட்டியார்பாளையம் வருமாப்பா?"

"ஏறுங்கம்மா." மற்றவர்கள் விசாரணையில் மாட்டியிருந்ததால் தணிகாசலமே அவளை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸ் எடுத்தார்.

"அண்ணே! அண்ணே, நில்லுங்க!" என்று பாவாடை கத்தினான்.

டமால்!

பின்னால் நின்றிருந்த ஷார்லின் ரெனோ கார் குலுங்கியது. டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளே போய்விட்டது. தணிகாசலத்தின் தடித்த இரும்பு பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தப் புண்ணியவான்டா இந்தக் கல்லை இங்க நட்டது! பிடுங்கிப் போடுங்கடான்னா எவனும் கேக்க மாட்டேங்கறான்!" என்று முன்னால் பார்த்தபடியே சத்தம் போட்டுவிட்டு, சர்ரென்று ரோட்டில் ஏறிப் போய்விட்டார்.

அங்கே கல் எதுவும் இல்லை.

ஷார்ல் குனிந்து தன் கதவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பாவாடையின் வண்டியைப் பார்த்தார். ஒரே உயரத்தில் ஒரே மாதிரி நசுங்கல்.

"எல்லாம்... இவரா?"

"போன வருஷம் கிணத்தடியில வழுக்கி விழுந்தார், முசியே" என்றான் பாவாடை. "அதுலேருந்து கழுத்து திரும்பல. முன்னால பார்த்து ஓட்டினா இப்பவும் அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. ரிவர்ஸ்லதான் இப்படி."

"அதை எழுதறதுக்கு என்ன?"

"எழுதினா கூப்பிட்டு டெஸ்ட் வைப்பாங்க. லைசென்ஸ் போயிடும். ஏழு பேரு அவரை நம்பி இருக்காங்க."

"அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோம், ஒரு வாட்டி. மனுசன் ஆடிப்போயிட்டார். இனிமே வண்டியைத் தொடமாட்டேன்னு மூணு நாள் வீட்டுல படுத்துட்டார். நாலாம் நாள் நாங்களே போயி, 'இல்லண்ணே, நாங்கதான் தப்பாப் பார்த்துட்டோம், நீ இடிச்சது கல்லு'ன்னு சொல்லி இட்டாந்தோம்."

ஷார்ல் அஞ்சு பாரத்தையும் அவன் கையில் திணித்தார்.

"வாபஸ்னு எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க. உங்க வண்டியை நீங்களே சரி பண்ணிக்குங்க. நீங்க எழுதின எருமைக்குக் காரைக்கால்ல இருக்கிற டாக்சிக்காரனும் சேர்ந்து காசு கட்டுறான், தெரியுமா? அவன் என்ன பாவம் பண்ணான்?"

பாவாடைக்கு அது இதுவரை தோன்றவே இல்லை. முகம் செத்துப்போயிற்று.

"இன்னொண்ணு. ரோட்டோரமா முதல்ல நிக்கிற வண்டி ரிவர்ஸ் எடுக்காம நேரா முன்னால போகலாம் இல்ல? நாளையிலேருந்து அந்த இடம் அவருக்கு."

"அது எப்படி முசியே? முதல்ல நிக்கிற வண்டிக்குத்தான் முதல் சவாரி. அப்ப ரயில்ல வர்ற நல்ல சவாரியெல்லாம் தினம் அவருக்கே போயிடுமே?"

"போகட்டும்."

ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாவாடை பேனாவை வாங்கினான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஷார்ல் தன் காரின் கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் ஏறி, நகர்ந்து உட்கார்ந்தார்.

பாவாடை ஜன்னலில் குனிந்தான். "உங்க கதவுக்கு என்னன்னு எழுதப் போறீங்க, முசியே?"

"ஒண்ணும் எழுதப் போறதில்ல. இரக்கப்படறவன் சொந்தக் காசுலதான் இரக்கப்படணும்."