கிளிக்குத் தெரிந்த இங்கிலீஷ்

டியூஷன் வாத்தியார் தேவசகாயம் செத்துப்போனபின், பூட்டிய வீட்டில் கூண்டிலிருந்த அவருடைய கிளியும் ஒரு பல்லியும்தான் மிச்சம்.

உச்சிவெயிலில் கிளி, "கம் இன்" என்று கத்தியது.

"அப்படின்னா?" என்றது பல்லி.

"வெளியே நிக்கிறவங்க உள்ளே வருவாங்க. வாத்தியார் சொன்னதும் பிள்ளைங்க கொய்யாப்பழத்தோட வரலையா?"

"இப்ப வெளியே யாருமில்லையே."

"நீ ஒரு சத்தம் போடு. பல்லி சொன்னா பலிக்கும்னு அவரே சொல்வாரு."

பல்லிக்கு மனசில்லை. பட்டினியில் துவண்ட கிளியைப் பார்க்கப் பொறுக்காமல் 'ச்ச்ச்' என்றது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். சத்தம் ஓயவே இல்லை. பூட்டு பூட்டியபடியே இருக்க, கூடம் மட்டும் சில்லிட்டு நிறைந்தது.

"வெளியே போகச் சொல்லு!" என்று பதறியது பல்லி.

கிளி கம்பியோடு ஒண்டியது. "அதை எனக்குச் சொல்லித்தரலையே."