படம் தெரியலியே!

“ஒயரைச் சொருகிட்டியா?” என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

“சொருகிட்டேங்க,” என்றாள் மனைவி.

“பட்டனை அமுக்கு. பயப்படாத, கடிக்காது.”

அமுக்கினாள். புரொஜெக்டர் உறுமியது. வகுப்பறைச் சுவர் மட்டும் இருட்டாகவே இருந்தது. பிள்ளைகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“படம் தெரியலியேங்க!”

“லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்திருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?”

நாக்கைக் கடித்துக்கொண்டு மூடியைக் கழற்றினாள்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் இறந்துபோனவர். புரொஜெக்டரை மாட்டும் விதம் முதல் பரீட்சை வரைக்குமான பாடங்கள் வரை, நோய்ப்படுக்கையில் இருந்தபடியே லேப்டாப்பில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். இவ்வளவு நேரம் குரல் வந்தது அதிலிருந்துதான். அவள்தான் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பே எழுந்து நின்றது. “வணக்கம் சார்!”

சுவரில் இருந்தவர் அது முடியும்வரை காத்திருந்தார். “உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

“கடைசி பெஞ்ச், உனக்குத் தனியா சொல்லணுமா?”

எல்லோரும் திரும்பினார்கள். அங்கே ஒரு மாணவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

“ம்... இப்ப சரி,” என்றார் அவர்.