மார்லீனின் முன்பல்

"வெர்ன், மார்லீனோட பல்லு இன்னும் மினுங்குதாம்," என்றார் போனில் பல் டாக்டர் ஹலினா. "இது மூணாவது தடவை. நீயே வந்து பாரு. இல்லேன்னா நான் வேற லேபைத்தான் தேடணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்லீன் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரர். ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி முகங்குப்புற விழுந்ததில், முன்பற்களில் ஒன்று முறிந்துபோனது. ஹலினா அதற்கு ரூட் கெனால் செய்தார். அந்தப் பல்லின்மேல் உறைபோல் மாட்டும் பீங்கான் கேப்பை என் லேபில் செய்தவன் நான்.

நிறம் அச்சு அசல். பளபளப்புதான் வம்பு.

முதல் முறை திரும்பி வந்தபோது, சூளையில் ஏற்றிய மெருகை ரப்பர் சக்கரத்தால் குறைத்தேன். இரண்டாம் முறை, நிஜப் பல்லில் இருப்பதுபோல் மெல்லிய கோடுகள் கீறி இன்னும் மங்கலாக்கினேன்.

குறைக்கக் குறைக்கப் புகார் கூடியது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு பல்லை நான் பார்த்ததில்லை.

கிளினிக்கில் மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"ஒரு பல்லு மட்டும் டார்ச் அடிக்குதுங்க. ஈஸ்டர் அன்னிக்குப் பாடவே இல்ல, சும்மா உதட்ட அசைச்சிட்டு நின்னேன்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வாயைத் திறக்கச் சொன்னேன். எச்சில் ஈரத்தில் எல்லாப் பல்லும்தான் மினுங்கின. காயவைத்துப் பார்க்கலாம் என்றேன்.

"எதுன்னு காட்டுங்க," என்று ஹலினா குனிந்தார். மார்லீன் நகத்தால் தொட்டுக் காட்டினார். காற்றுக்குழாய் சீறியது.

"ஐயோ, கூசுது!"

ஹலினா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ரூட் கெனால் செய்த பல் செத்த பல். அதற்குக் கூச்சம் ஏது?

இத்தனை நாளில் எந்தப் பல் என்று அவரை யாருமே கேட்கவில்லை. மினுங்கினால் அது பொய்ப் பல்லாகத்தான் இருக்கும் என்று நாங்கள் மூவருமே முடிவுகட்டியிருந்தோம். நான் என்னுடையதை மங்கலாக்க மங்கலாக்க, பக்கத்துப் பல் எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. முதல் புகாராவது என்னுடையதைப் பற்றியதுதானா? அதுவும் இப்போது சந்தேகம்தான்.

"அது உங்க சொந்தப் பல்லுங்க," என்று கண்ணாடியை நீட்டினேன்.

மார்லீன் வெகுநேரம் பார்த்தார்.

"இதையா இத்தன நாளா பொத்திக்கிட்டுத் திரிஞ்சேன்?"

கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பல் நன்றாகத்தான் மின்னியது.