சொல்லி முடிக்கட்டும்

“ஏங்க, உங்க லேப்டாப்ல உங்க அருமைப் பொண்ணு...”

“கேம் விளையாடினா, அதானே? விடு. மீட்டிங்ல இருக்கேன்.”

“அது இல்லைங்க, அந்தக் கீபோர்டுல...”

“டீயைக் கொட்டிட்டாளா? துடைச்சுக்கறேன். வை போனை!”

மனைவியின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, புரோகிராமர் தன் லேப்டாப்பை மேலாளர் பக்கம் திருப்பினான்.

“சார், கம்ப்யூட்டருக்கு கமாண்ட் தட்டுற ஸ்கிரீன் இது. எண்டர் தட்டின உடனே அவசரக்குடுக்கை மாதிரி ஓடாது. நாம சொல்லி முடிச்சோமான்னு பாக்கும். முடிக்கலைன்னா வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கும்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. நேற்றுவரை அவன் எழுதிய அந்தப் புரோகிராம் அரைகுறைக் கட்டளைக்கெல்லாம் முந்திக்கொண்டு ஓடி அவன் மானத்தை வாங்கியிருந்தது. இன்றும் சொதப்பினால் வேலை காலி.

மேலாளர் பாதிக் கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினார். திரை அசையவில்லை. இன்னொரு பாதியைத் தட்டி, எண்டரை ஓங்கியே அடித்தார். குத்துக்கல் மாதிரி இருந்தது.

“பிரமாதம்யா! என்ன பொறுமை! நாளைக்குள்ள ஆபீஸ்ல எல்லார் லேப்டாப்லயும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடு.”

அவர் போனதும் புரோகிராமர் முழுக் கட்டளை ஒன்றைத் தட்டி எண்டரை அழுத்தினான். அதற்கும் அசையவில்லை.

மனைவியை அழைத்தான்.

“என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு. குறுக்க பேசமாட்டேன்.”

“பொண்ணு எண்டர் கீயைப் பிடுங்கிட்டாங்க. நீங்க திட்டுவீங்கன்னு அடியில சூயிங்கம் வச்சு ஒட்டியிருக்கா. அது இனிமே வேலை செய்யாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவன் ஆபீஸில் இருந்த லேப்டாப்களை எண்ணிப் பார்த்தான்.

“அந்தச் சூயிங்கம் எந்தக் கடையில வாங்கினதுன்னு அவகிட்ட கேளு.”